பேருந்து நிலையத்திலிருந்து மந்து வரை: உதகையை ஒரு நாளில் நடந்து படிக்கும் முறை

உதகையில் இருபத்தெட்டு ஆண்டுகள் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஆண்டுக்கு ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போய் இந்த ஊர் எப்படி உண்டானது என்று காட்டுவேன். போகிற வழி, நிற்கிற இடம், கேட்கிற கேள்வி எல்லாம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி ஒரு வரிசைக்கு வந்து நின்றது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு பகல் போதும். பிள்ளைகளோடு வந்தால் இன்னும் நல்லது.

இந்த நடையின் அடிப்படையை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. என் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். அவர் நகராட்சியில் குடிநீர் வால்வு திறக்கும் வேலை பார்த்தவர். டைகர் ஹில் நீர்த்தேக்கத்துத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும், மார்லிமந்து நீர்த்தேக்கத்துத் தண்ணீர் எந்தத் தெருவுக்கு வரும் என்பது அவருக்கு மனப்பாடம். காந்தல் வீட்டிலிருந்து விடியற்காலையில் அவர் கிளம்பும்போது விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். "எந்த இடத்துல நின்னாலும் ரெண்டு விஷயம் பாரும்மா. இங்க விழுற தண்ணி எங்க போகுது, நாம வர்றதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு" என்பார். இந்த இரண்டு கேள்விகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு இடத்திலும் இவற்றுக்குப் பதில் தேட வேண்டும்.

கிளம்பும் முன்

ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நின்று எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கும், காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், லேசாக மழை தூறும் நாள்தான் இந்த நடைக்கு உகந்தது. தண்ணீர் போகும் பாதை அன்றைக்குத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சொந்த வாகனத்தில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் அந்த வேலை இல்லை, நடக்க வருகிறவர்களுக்கு அதுவே வசதி. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்து வாருங்கள். பிடிமானமுள்ள ஷூ, குடை, ஒரு ஸ்வெட்டர். காலை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடுங்கள்.

பள்ளத்தில் தொடங்குங்கள்

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ தேடாதீர்கள். அப்படியே நின்று நான்கு பக்கமும் பாருங்கள். சுற்றிலும் மேடு, நீங்கள் நிற்பது கிண்ணத்தின் அடி. பக்கத்திலேயே ரயில் நிலையம், அதற்கடுத்துக் குதிரைப் பந்தய மைதானம். மலை ஊரில் இவ்வளவு சமதரை எப்படி வந்தது?

இது ஏரியாக இருந்த இடம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1823-ல் வேலையைத் தொடங்கி, மலையிலிருந்து இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி, 1825 வாக்கில் முடித்த ஏரி. இயற்கையாக உண்டானது என்று நினைத்துப் படகுச் சவாரி போகிறவர்கள்தான் அதிகம். ஊருக்கென்று யோசித்துச் செய்த முதல் பெரிய வேலையே இந்த ஏரிதான். மீன் வளர்க்கலாம், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படகில் போகலாம் என்பது அன்றைய எண்ணம். கரை மூன்று முறை உடைந்து ஏரி காலியாகியிருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, பின்வாங்கிய இடத்தில் பந்தய மைதானமும் பேருந்து நிலையமும் வந்தன. இன்று மிச்சமிருப்பது சுமார் 65 ஏக்கர்.

ஒருமுறை ஆடி மழையில் அப்பா என்னை மைதானத்தின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், தேங்கி நின்ற தண்ணீரின் விளிம்பில் செருப்பால் ஒரு கோடு இழுத்து, "இங்க வரைக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஏரி எதுவரை இருந்தது என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. நீங்களும் மழை நாளில் வந்தால் அந்தக் கோட்டை உங்கள் காலாலேயே கண்டுபிடிக்கலாம். வெயில் நாளில் வந்தால் சாக்கடையில் தண்ணீர் ஓடும் திசையைப் பாருங்கள். எல்லாம் மேற்கே, ஏரியை நோக்கித்தான் ஓடும்.

பந்தய மைதானத்தின் சுமார் 52 ஏக்கரை 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. நகரத்தின் நடுவில் இவ்வளவு பெரிய சமநிலம் வேறு கிடையாது. அந்த இடத்தில் தண்ணீர் தங்க வழி செய்தால் ஊர் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அங்கிருந்து மார்க்கெட் பக்கம் நடங்கள். வழியில் கோடப்பமந்து கால்வாய் வரும். நாற்றத்துக்குப் பயந்து தாண்டிப் போய்விடாதீர்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். ஊரின் நடுவே ஓடி ஏரியில் சேரும் கால்வாய் இது. ஒரு காலத்தில் ஏரிக்குத் தெளிந்த ஓடைத் தண்ணீர் கொண்டுவந்த வழி, இன்று வீடுகளின் கழிவையும் சேர்த்துச் சுமக்கிறது. அதன் பெயரையும் கவனியுங்கள். கோடப்பமந்து, மார்லிமந்து, முத்தோரைமந்து என்று இங்கே மந்தில் முடியும் பெயர்கள் பல. மந்து என்றால், எருமை மேய்க்கும் இந்த மலைப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பு. உதகமண்டலமும் அப்படி ஒரு மந்திலிருந்து வந்த பெயர்தான். ஒற்றைக்கல் மந்து என்பதன் திரிபு என்று ஊரில் சொல்வார்கள். நாள் முழுக்க எங்கெல்லாம் 'மந்து' என்ற பெயர்ப் பலகை கண்ணில் படுகிறதோ அதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் தேவைப்படும்.

மார்க்கெட்டில் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் மூட்டைகளைப் பாருங்கள். 'இங்கிலீஷ் காய்கறி' என்று நாம் சொல்லும் இவற்றை இந்த மலையில் பயிரிட ஊக்கம் கொடுத்தவர் சல்லிவன். படுகர் விவசாயிகள் கையில் அவை வேரூன்றின. பிறகு மார்க்கெட்டின் நடுவில் நின்று கழுத்தை நிமிர்த்துங்கள். கடைவீதி பள்ளத்தில் இருக்கிறது. தேவாலயம், கலெக்டர் அலுவலகம், கிளப், பழைய பங்களாக்கள் எல்லாம் மேட்டில் இருக்கின்றன. துரைமார்கள் ஒவ்வொருவரும் ஒரு குன்றைப் பார்த்துத் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொண்டார்கள். சமைக்கவும், சுமக்கவும், துவைக்கவும், விற்கவும் சமவெளியிலிருந்து ஏறி வந்த நம் ஆட்கள் ஈரப் பள்ளத்தில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். திட்டமிட்டுக் கட்டிய ஊர் என்று சொல்லும்போது அந்தத் திட்டத்தில் யாருக்கு இடம் ஒதுக்கினார்கள், யார் தாங்களாகவே இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நான் வகுப்பறையில் வைத்துச் சொன்னதில்லை. மார்க்கெட்டில் நிறுத்தி மேலே பார்க்கச் சொன்னால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தேவாலயத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

இப்போது மேடேறுங்கள். புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வழிபாட்டு நேரத்தில் உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்க வேண்டாம். மற்ற நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு போங்கள்.

1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்று இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜின் பிறந்தநாள் கொண்டாட்டம். 1830 நவம்பரில் கல்கத்தா பிஷப் வந்து அர்ச்சித்தார். தேவாலயத்தைக் கட்டத் தூண்டியவர் சென்னை மாகாண கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். அவருடைய பெயரும் ஸ்டீபன்தான் என்பதைப் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் தாங்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

உள்ளே போனதும் மேலே உத்திரங்களைப் பாருங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம் அது. 1799-ல் திப்பு வீழ்ந்தார். முப்பது ஆண்டு கழித்து அவருடைய வீட்டு மரம் ஏழாயிரம் அடி உயரத்தில் கூரை தாங்கி நிற்கிறது. "அப்போ இந்த மரம் முதல்ல எந்தக் காட்டுல இருந்துச்சு டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அப்பாவின் இரண்டாவது கேள்வியை அவன் என்னைவிட நன்றாகப் பிடித்துக்கொண்டான். கூரையைப் பார்த்து அப்படிக் கேட்கத் தெரிந்துவிட்டால் மீதி ஊரை நீங்களே படித்துக்கொள்ளலாம்.

பிறகு பின்புறம் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுங்கள். சரிவு, பாசி வழுக்கும், பார்த்து நடங்கள். கல்வெட்டுகளில் வயதை மட்டும் படித்துக்கொண்டே போங்கள். சிறு குழந்தைகள், இளம் வயது ராணுவ அதிகாரிகள், முதல் பிரசவத்தோடு போன பெண்கள். இந்த ஊர் எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. சமவெளியின் காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அதிகாரிகளும் முன்பெல்லாம் உடல் தேற நன்னம்பிக்கை முனை வரை கப்பலேறிப் போக வேண்டியிருந்தது. அதே குளிர்ச்சி மதராஸ் மாகாணத்துக்குள்ளேயே கிடைக்கிறது என்று சல்லிவன் மேலிடத்துக்கு எழுதி எழுதி நிறுவினார். 1820-களின் இறுதியில் உதகை ராணுவத்தினர் உடல் தேறும் இடமாக மாறியது, நிர்வாகமும் கொஞ்ச காலம் ராணுவத்தின் கைக்குப் போனது. உல்லாச ஊர் என்று நாம் அறிந்த இந்த ஊரின் தொடக்கம் நோயாளிகளுக்கான இடமாகத்தான் இருந்தது.

சல்லிவனின் மனைவி ஹென்ரியட்டாவும் மகள் ஹாரியட்டும் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1838-ல் நடந்த சாவுகள். தான் உண்டாக்கிய ஊரிலேயே இருவரையும் மண்ணில் வைத்துவிட்டு, 1841-ல் அவர் இந்தியாவை விட்டுப் போனார். 1855-ல் இங்கிலாந்தில் இறந்தார். நான் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன். பிள்ளைகளும் நிற்பார்கள்.

விரைவாகக் கடக்க வேண்டியவை

தேவாலயத்திலிருந்து சேரிங்கிராஸ் வரை உள்ள பகுதியில் நின்று நின்று பார்க்க வேண்டியதில்லை, ஆனால் வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி 1866. கோவையிலிருந்து நீலகிரி தனியாகப் பிரிந்தது 1868. நீலகிரி நூலகத்தின் கட்டடமும் அதே காலம். ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்தது. சென்னையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டியவர் அவர்தான். 1870 வாக்கிலிருந்து கவர்னரும் அரசாங்கமும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு கோடைதோறும் இங்கே வந்துவிடுவார்கள். ஒரு கோடை ஊருக்கு நகராட்சி, நூலகம், அலுவலகங்கள் எல்லாம் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். சேரிங்கிராஸில் இருக்கும் ஆடம்ஸ் நீரூற்று, 1881-ல் இங்கேயே இறந்துபோன கவர்னர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் நினைவாக வைத்தது. படம் எடுக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தெரியாது.

இங்கே டீ குடித்துவிட்டு ஸ்டோன்ஹவுஸ் ஹில் ஏறுங்கள். மூச்சு வாங்கும், நின்று நின்று போங்கள். மேலே அரசு கலைக் கல்லூரி. கல்லூரி நாட்களில் வாயிலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இந்த வளாகத்தில்தான் இருக்கிறது. இந்த ஊரின் முதல் வீடு இது. 1819 ஜனவரியில் அவர் முதன்முதலாக மலையேறியபோது வந்தது கோத்தகிரிப் பக்கம். மூன்று ஆண்டு கழித்துத்தான் இங்கே வீடு எழும்பியது. அதனால்தான் 2022-ல் உதகைக்கு 200 ஆண்டு என்று கொண்டாடினார்கள். மலைக்கு வயது 200 என்று யாராவது சொன்னால் திருத்திவிடுங்கள். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லோரும் அதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். 1603-லேயே ஃபெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கொடுத்து சல்லிவன் இந்த நிலத்தை வாங்கினார் என்பார்கள். அந்த விலை எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதே சமயம், இந்த நிலத்தின் உரிமை தோடர்களுடையது என்று அரசாங்கத்திடம் வாதாடியவரும் அவர்தான். கவர்னர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. இரண்டையும் ஒன்றாகவே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மரங்களைப் படிப்பது

மதியம் சாப்பிட்டுவிட்டு அரசு தாவரவியல் பூங்கா. 1848 முதல் இதை உருவாக்கியவர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர். 55 ஏக்கர் சரிவு. மலர்ப் பாத்திகளில் மனம் போகும், போகட்டும். ஆனால் நீங்கள் படிக்க வேண்டியது அடுக்கடுக்கான அந்தச் சரிவை. கரடுமுரடான, ஈரம் சொட்டுகிற மலைச்சரிவை வெட்டி, வடிகால் அமைத்து, மட்டப்படுத்திய வேலை அது. இங்கேயும் கேள்வி தண்ணீர்தான். மேலிருந்து இறங்கும் நீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.

பூங்காவுக்கு வெளியே இருக்கும் மரங்களையும் படிக்கத் தெரிய வேண்டும். ஊர் வளர வளர விறகுக்காக, இந்த மலையின் சொந்தக் காடான சோலையின் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். பதிலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ், அதாவது தைல மரம்) நட்டார்கள். இரண்டும் 1830, 40-களில் மலைக்கு வந்தவை. அடையாளம் காண்பது எளிது. நெடுநெடுவென்று வளர்ந்து, பட்டை உரிந்து தொங்கி, கசக்கினால் தைலம் மணப்பது கற்பூர மரம். மஞ்சள் பூப் பூத்து ஓரங்களில் அடர்ந்து நிற்பது சீகை. குட்டையாக, முறுக்கிக்கொண்டு, குடை போலக் கவிந்து, தளிர் சிவந்திருந்தால் அது சோலை மரம். பெரும்பாலும் ஓடை இடுக்கில்தான் பார்ப்பீர்கள். ஊட்டி என்றால் தைல மர வாசனை என்று நம் மூக்கு பழகிவிட்டது. சல்லிவன் வந்தபோது அந்த வாசனை இங்கே இல்லை. புல்வெளியும், மடிப்புகளில் சோலையும்தான் இருந்தன.

மலை ரயிலுக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் உதகை வரை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளத்தின் நடுவில் பல் வரிசை இருக்கும், அதைப் பற்றிக்கொண்டுதான் வண்டி ஏறும். அது வந்த பிறகுதான் மாட்டு வண்டியும் டோலியும் இல்லாமல் சாதாரணக் குடும்பங்கள் இந்த ஊரைப் பார்க்க முடிந்தது. இதைப் பாதி மதியத்தில் அள்ளித் தெளித்துவிட்டுப் போகக் கூடாது.

கடைசி ஏற்றம்

பூங்காவின் மேல் பகுதியில், சரிவுக்கு மேலே மஞ்சக்கல்மந்து இருக்கிறது. தோடர்கள் இன்றும் வாழும் குடியிருப்பு. பூங்கா சுற்றிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இங்கே வருவதில்லை. வருகிறவர்களில் சிலர் காட்சிசாலைக்குள் நுழைவது போல நுழைகிறார்கள். தயவுசெய்து அப்படி வேண்டாம். குடியிருப்பின் ஓரத்திலேயே நின்று குரல் கொடுங்கள். யாராவது வந்தால் வணக்கம் சொல்லி, வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். அரைப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற கூரையுள்ள பழைய அமைப்பு கண்ணில் பட்டால் அது அவர்களுடைய கோயிலாக இருக்கலாம். கிட்டே போகாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்க விருப்பமிருந்தால் அவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாமல்.

இங்கே நின்று நோட்டைத் திறந்து, காலையிலிருந்து குறித்த மந்துப் பெயர்களை வாசியுங்கள். ஒவ்வொன்றும் எருமை மேய்ந்த ஓர் இடம். கீழே ஊர் முழுக்கத் தெரியும். தகரக் கூரைகள், குன்றின் மேல் பெட்டி பெட்டியாக வீடுகள், நடுவில் நீங்கள் தொடங்கிய பள்ளம். இங்கே கட்டடம் 7 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்று விதி இருக்கிறது. எங்கே அது காக்கப்பட்டிருக்கிறது, எங்கே மீறப்பட்டிருக்கிறது என்று பிள்ளைகளை விரல் நீட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, இதே இடத்தில், என் வகுப்பில் இருந்த தோடர் பெண் ஒருத்தி நடையின் வரிசையைத் திருத்தினாள். "டீச்சர், அடுத்த வருஷம் இங்கேயிருந்து ஆரம்பிங்க. முதல்ல இருந்தது இதுதானே?" என்றாள். அடுத்த ஆண்டு மந்தில் தொடங்கி ஏரிப் பள்ளத்தில் முடித்தேன். தண்ணீர் இறங்கும் வழியிலேயே நாங்களும் இறங்கினோம், கால் வலி குறைந்தது, பிள்ளைகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக ஊர் வந்தது நன்றாகப் புரிந்தது. அதிகாலையில் அந்தக் குடியிருப்பில் போய் நிற்பது அங்கிருப்பவர்களுக்குத் தொந்தரவு என்பதால்தான் உங்களுக்குப் பழைய வரிசையைச் சொல்லியிருக்கிறேன். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவள் சொன்ன வரிசையில் போங்கள்.

மாலை ஐந்தரைக்குள் கீழே இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு மூடுபனி இறங்கும், காட்டெருமைகள் ஓரம் வந்து மேயத் தொடங்கும். எதிரே ஒன்று நின்றால் சத்தம் போடாமல், வந்த வழியே பின்வாங்கி, அது போகும் வரை காத்திருங்கள்.